மானியத்தை எதை எண்ணிக் கொடுப்பது: போட்ட முதலையா, மைலையா, ஓட்டத்தையா? (ரயில், டிராம், கரையோரக் கப்பல்)

தண்டவாளன் எழுதியது:

நண்பர்களே, மானியம் வேண்டுமா வேண்டாமா என்று பலமுறை பேசியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்கிறோம். இந்த இழையில் நான் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. அரசு பணம் கொடுக்கப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். எதை எண்ணிக் கொடுப்பது? கம்பெனி போட்ட முதலையா, பாதையின் நீளத்தையா, ஓடிய வண்டியையா?

எதை எண்ணிக் காசு கொடுக்கிறோமோ அதுதான் பெருகும். இந்திய ரயில்வேயின் பிறப்பே இதற்குச் சாட்சி. 1849 ஆகஸ்ட் 17 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி, ஈஸ்ட் இந்தியன், கிரேட் இந்தியன் பெனின்சுலா என்ற இரண்டு ரயில் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. நிலம் இலவசம். 99 ஆண்டு குத்தகை. போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி நிச்சயம். வருமானம் அதற்குக் குறைந்தால் மிச்சத்தை அரசு போடும். அதாவது, ரயிலையே கண்ணால் பார்க்காத குடியானவன் கட்டிய நிலவரியிலிருந்து போடும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்ட மெட்ராஸ் ரயில்வேயும் இந்த உத்தரவாத முறையில் வந்ததுதான்.

வட்டி முதலுக்கு என்றானபின் சிக்கனமாகக் கட்டுவதால் யாருக்கு என்ன லாபம்? மைலுக்கு 8,000 பவுண்டு ஆகும் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் போட்ட கணக்கு, கட்டி முடித்தபோது இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. 1869இல் வைஸ்ராய் லாரன்ஸே எழுதிவிட்டார்: லாபம் முழுக்கக் கம்பெனிக்கு, நட்டம் முழுக்க அரசுக்கு. முன்பு வைஸ்ராய் சபையில் நிதி உறுப்பினராக இருந்த மாஸி, 1872இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் குழுவின் முன் இன்னும் உடைத்துச் சொன்னார். முதலீட்டாளருக்கு வட்டி உறுதி. அந்தப் பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் செங்கலும் சாந்துமாக ஆக்கினாலும் அவருக்கு ஒன்றுதான் என்று.

அதனால் என் கட்சி இது: ஓடிய சேவைக்குக் கொடுங்கள், முதலுக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வரிகட்டுபவன் எழுதியது:

முதலுக்குக் கொடுத்தால் முதல் வீங்கும், சரி. நீளத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 1862இல் பசிபிக் ரயில்வே சட்டம் வந்தது. சமவெளியில் ஒரு மைலுக்கு 16,000 டாலர், மலையில் 48,000 டாலர் என்று அரசுக் கடன் பத்திரங்கள். மேற்கிலிருந்து பாதை போட்டது சென்ட்ரல் பசிபிக். அவர்களுக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: மலை எங்கே தொடங்குகிறது? சேக்ரமெண்டோவிலிருந்து ஏழு மைலில் ஆர்கேட் கிரீக் என்று ஓர் ஓடை. பார்த்தால் தட்டையான நிலம். ஆனால் அங்கிருக்கும் மண் சியரா நெவாடா மலையிலிருந்து அடித்து வந்த மண் என்று மாநில நிலவியலாளர் விட்னி சொன்னார். மலை அங்கேயே தொடங்குவதாகக் கொள்ளலாம் என்று ஆயிற்று. ஜனாதிபதி லிங்கனும் கையெழுத்துப் போட்டார். தட்டையான நிலத்தில் மைலுக்கு மூன்று மடங்கு பணம்.

கடைசியில் கிழக்கிலிருந்து வந்தவர்களும் மேற்கிலிருந்து வந்தவர்களும் யூட்டாவில் எதிரெதிரே வந்து, இணையாமல் ஒருவரை ஒருவர் தாண்டிப்போய், பக்கத்தில் பக்கத்திலேயே மண் மேடு போட்டுக்கொண்டு போனார்கள். எங்கே சேர வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தலையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. 1869 மே 10இல்தான் புரோமண்டரி உச்சியில் சேர்ந்தார்கள்.

தண்டவாளன், உங்கள் "ஓடிய சேவை"யையும் இதே போல ஏமாற்ற ஒரு வழி இருக்கும். அதனால்தான் நான் மானியமே வேண்டாம் என்கிற ஆள்.

தண்டவாளன் எழுதியது:

ஒரு திருத்தம். அந்தப் பத்திரங்கள் கடன். பின்னாளில் திருப்பிக் கட்டினார்கள். திருப்பிக் கேட்காமல் கொடுத்தது பாதையின் இருபக்கமும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்த நிலத்தைத்தான். மற்றபடி உதாரணம் அருமை.

நங்கூரம் எழுதியது:

நான் கப்பல் பக்கத்து ஆள். ஒரு தீவுப் படகுச் சேவையின் கணக்குப் பிரிவில் 11 வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம். வரிகட்டுபவன் சொன்னது எங்களிடம் நடந்தது, ஆனால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அதனாலேயே சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் ஒப்பந்தம் தண்டவாளன் கேட்பது போலவே ஓட்டத்துக்கு மானியம். ஒரு நாளைக்கு நான்கு புறப்பாடு. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு தொகை. ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அந்த ட்ரிப்புக்குப் பிடித்தம். துறையில் ஒரு நீள நோட்டு. அதில் மூன்று கட்டம்: தேதி, படகின் பெயர், கயிறு அவிழ்த்த நேரம். மாதக் கடைசியில் அந்த நோட்டு என் மேசைக்கு வரும். நான் கூட்டிப் பில் போடுவேன்.

கடைசிப் படகு மாலை 6.10க்கு. கரையில் ரயில் வந்து சேரும் நேரம் மாற்றப்பட்டு 6.05 ஆனது. நிலையத்திலிருந்து துறைக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிடம். ஒரு நாள் நானே துறையில் நின்றிருந்தேன். விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை ஓடி வருகிறார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். படகு நான்கு முழம் விலகிவிட்டது. மாலுமிக்கும் அவர்களைத் தெரிகிறது. கையை விரித்துக் காட்டினார், நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிடித்தம், பிடித்தம் வந்தால் மேலாளர் விளக்கம் கேட்பார். அன்று நோட்டில் 6.10 என்று ஒழுங்காகப் பதிந்தது. நானும் முழுத் தொகைக்குப் பில் போட்டேன். காலிப் படகுக்கு முழு மானியம், துறையில் எட்டுப் பேர்.

ஓட்டத்தை எண்ணினால் ஓட்டம் கிடைக்கும். ஆட்கள் போய்ச் சேர்ந்தார்களா என்பது அந்த நோட்டில் இல்லை.

இளவேனில் எழுதியது:

நங்கூரம் ஐயா, படித்ததும் மனசு கனத்தது. அப்படியானால் கரையோரக் கப்பலில் நன்றாக எழுதிய ஒப்பந்தம் எதுவுமே இல்லையா?

நங்கூரம் எழுதியது:

இருக்கிறதம்மா. எனக்குத் தெரிந்ததில் சிறந்தது நார்வேயின் ஹுர்டிரூட்டன்.

1890களுக்கு முன் டிராண்ட்ஹெய்மிலிருந்து வடக்கே ஹம்மர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் போகக் கோடையில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரை ஆகும். இரவில் அந்தக் கரையோரம் கப்பல் ஓட்ட யாருக்கும் துணிவில்லை. பாறைகள் அதிகம், வெளிச்ச வீடுகள் குறைவு, சரியான கடல் வரைபடமும் இல்லை. அரசு வாரம் ஒரு முறை விரைவுக் கப்பல் வேண்டும், மானியம் தருகிறோம் என்றது. பெரிய கம்பெனிகள் இரண்டு முடியாது என்று ஒதுங்கிவிட்டன. ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் நடத்திய ஒரு சிறிய கம்பெனி ஏற்றுக்கொண்டது. அவரும் அவருடைய வழிகாட்டி ஆண்டர்ஸ் ஹோல்டேயும் ஒவ்வொரு பயணத்திலும் திசை, வேகம், நேரம் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டே வந்தவர்கள். அந்தக் குறிப்பும் திசைகாட்டியும் கடிகாரமும் இருந்தால் இருட்டிலும் ஓட்டலாம் என்று நம்பினார்கள். 1893 ஜூலை 2 அன்று வெஸ்டராலன் கப்பல் டிராண்ட்ஹெய்மிலிருந்து கிளம்பியது.

இங்கே அரசு வாங்கியது எது என்று பாருங்கள். கப்பலை வாங்கவில்லை, முதலுக்கு வட்டியும் தரவில்லை. இந்தத் துறைகளில், இந்த நாளில், கோடையானாலும் குளிரானாலும் தபாலும் ஆளும் சரக்கும் வர வேண்டும் என்பதை வாங்கியது. எப்படி ஓட்டுவது என்பதைத் தெரிந்தவனிடம் விட்டுவிட்டது. இன்றும் அதே வடிவம்தான். 2021இலிருந்து ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரித்து 7 கப்பலை ஒரு கம்பெனிக்கும் 4 கப்பலை ஹவிலா என்ற இன்னொரு கம்பெனிக்கும் கொடுத்திருக்கிறார்கள். பெர்கனிலிருந்து கிர்கெனஸ் வரை 34 துறைகள்.

மணியோசை எழுதியது:

டிராமைப் பற்றி யாரும் பேசவில்லையே! மானியத்துக்கு நேர் எதிரான ஒன்று டிராமுக்கு நடந்தது. அது தெரியாமல் "டிராம் தானாகச் செத்தது" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

பிரிட்டனின் 1870ஆம் ஆண்டு டிராம்வே சட்டம் என்ன சொன்னது தெரியுமா? தண்டவாளங்களுக்கு நடுவிலும், இருபுறமும் 18 அங்குலத்துக்கும் சாலையை டிராம் கம்பெனியே போட்டுப் பராமரிக்க வேண்டும். குதிரை இழுத்த காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது, குளம்பு கல்லைத் தேய்க்கும். மின்சார டிராம் வந்தபின் சாலையைத் தேய்ப்பது எது? அப்புறம் மோட்டார் பஸ் வந்தது. டிராம் கம்பெனி தன் காசில் போட்டுக்கொடுத்த கல் பாவிய தடத்தின் மேலேயே ஓடி, அதே டிராமின் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனது. டிராம் தன் போட்டியாளனுக்கு மானியம் கொடுத்திருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள்.

அதே சட்டத்தில் இன்னொன்று. 21 ஆண்டு முடிந்ததும் உள்ளாட்சி விரும்பினால் டிராமை வாங்கிக்கொள்ளலாம். அதுவும் அன்றைய சாமான் மதிப்புக்கு மட்டும், தொழிலின் மதிப்புக்கு ஒரு பென்னியும் கிடையாது. பதினைந்தாம் வருடத்தில் எந்தக் கம்பெனி புது வண்டி வாங்கும்?

அமெரிக்க நகரங்களில் வேறு விதமான கழுத்து நெரிப்பு. உரிமப் பத்திரத்திலேயே கட்டணம் 5 சென்ட் என்று எழுதிக் கட்டிப்போட்டுவிட்டார்கள். முதல் உலகப் போரில் விலைவாசி ஏறியபோது கூலி ஏறியது, நிலக்கரி ஏறியது, கட்டணம் மட்டும் ஏறவில்லை. பயணிக்குக் கிடைத்த சலுகையை அரசு தரவில்லை, கம்பெனி தன் தண்டவாளத்தைத் தின்று தந்தது. மக்களுக்குக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்று அரசு நினைத்தால் அந்த வித்தியாசத்தை அரசு கட்ட வேண்டும். கட்டாமல் உத்தரவு மட்டும் போட்டால், சில வருடத்தில் டிராமும் இருக்காது, சலுகையும் இருக்காது.

ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. பெல்ஜியம் 1880களில் நாடு முழுதும் கிராம டிராம்களுக்கென்று ஒரே ஒரு தேசிய நிறுவனம் வைத்தது. ஒவ்வொரு தடத்துக்கும் தனிக் கணக்கு. மத்திய அரசு, மாகாணம், அந்தத் தடம் போகும் ஊர்கள் எல்லாரும் பங்கு எடுக்க வேண்டும். ஏழை ஊர் எப்படி எடுக்கும்? 90 ஆண்டுத் தவணையில். அப்படியே கட்டிக் கட்டி அந்தச் சின்ன நாட்டில் 5,000 கிலோமீட்டர் அளவுக்குத் தண்டவாளம் போட்டார்கள். கடற்கரையோரம் 67 கிலோமீட்டர் ஓடும் டிராம் இன்றும் இருக்கிறது. அதன் முதல் துண்டு 1885இல் வந்தது.

வரிகட்டுபவன் எழுதியது:

மணியோசை, 5 சென்ட் விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். வித்தியாசத்தை அரசு கட்டட்டும், கட்ட மனமில்லை என்றால் கட்டணத்தில் கை வைக்க வேண்டாம்.

ஆனால் "ஊரே பங்கு எடுக்கட்டும்" என்பதன் இன்னொரு முகம் அயர்லாந்து. 1883 டிராம்வே சட்டத்தின்படி ஒரு வட்டாரத்து வரிதாரர்கள் கம்பெனியின் பங்குக்கு 5 சதவீதம் வரை ஈவுத்தொகைக்கு உத்தரவாதம் கொடுக்கலாம். காலக்கெடு கிடையாது. அதில் 2 சதவீதம் வரை அரசு கஜானா திருப்பித் தரும், ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும். டிராலி–டிங்கிள் என்று ஒரு குறுகிய பாதை 1891இல் வந்தது. செங்குத்தான ஏற்றம், வருமானம் சொற்பம். உருளைக்கிழங்கும் மாடும் வைத்துப் பிழைக்கிற ஜனங்கள் பங்குதாரருக்கு வருஷா வருஷம் ஈவு கட்டினார்கள். நிறுத்தலாம் என்றால் கஜானாவின் பங்கு போய்விடும், ஈவு மட்டும் தலையில் நிற்கும்.

தண்டவாளன் எழுதியது:

அயர்லாந்தையும் பெல்ஜியத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. பெல்ஜிய ஊர் பணம் போட்டது, அதனால் பங்குக்காரர். அயர்லாந்து ஊர் பணம் போடாமல் இன்னொருவரின் ஈவுக்கு ஜாமீன் நின்றது. ஜாமீன் நிற்கிறவனுக்கு வண்டி எப்படி ஓட வேண்டும் என்று சொல்ல வாயில்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு ரயில் செஸ் என்று ஒரு கூடுதல் வரி வசூலித்துச் சொந்தப் பாதை போட்டது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல், பிறகு அறந்தாங்கி வரை. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே, பாதை போர்டுக்குச் சொந்தம். இருபது வருடம் முன்பு லண்டன் பங்குதாரருக்கு வட்டி கட்டிய அதே நிலவரிக்காரர்கள்தான், ஆனால் இந்த முறை கட்டிய காசு அவர்கள் ஜில்லாவின் சொத்தாக நின்றது. இந்தக் கதையை நம்மவர்கள் ஏன் அதிகம் பேசுவதில்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இளவேனில் எழுதியது:

ஒரு சந்தேகம். "நட்டத்தை ஈடுகட்டுவது", "சேவையை வாங்குவது" இரண்டும் கடைசியில் ஒரே பணம்தானே? பெயர் மாற்றினால் என்ன ஆகிவிடும்?

தண்டவாளன் எழுதியது:

நல்ல கேள்வி. பிரிட்டிஷ் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். நட்டம் மொத்தமாக ஒரே எண்ணாக இருந்தவரை அது ஒரு பூதம். 1963இல் பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் பீச்சிங்கின் அறிக்கை வந்தது, 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. எந்தப் பாதை யாருக்கு வேண்டும் என்று கேட்க வழியே இல்லை, ஏனென்றால் கணக்கில் லாபம், நட்டம் என்ற இரண்டு கட்டம்தான்.

1968இல் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் கொண்டுவந்த சட்டத்தின் 39ஆம் பிரிவு மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்த்தது: வருமானம் போதாது, ஆனால் சமூகத்துக்குத் தேவை. அந்தப் பாதைக்குப் பெயர் சொல்லி, தொகை சொல்லி, அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு மானியம். கையெழுத்துப் போடுகிறவர் அமைச்சர். மூடுவதானாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பணம் ஒன்றாகவே இருக்கலாம் இளவேனில், ஆனால் நட்டம் என்றால் ஓட்டுகிறவன் குற்றவாளி, வாங்கிய சேவை என்றால் வாங்கியவன் பொறுப்பாளி.

அதிலும் சிக்கல் இருந்தது. ஒரு சிக்னல் அறை மூன்று பாதைக்கு வேலை செய்கிறது என்றால் அதன் சம்பளத்தை எந்தப் பாதையின் கணக்கில் எழுதுவது? அந்தச் சண்டை ஓயவில்லை. 1974 சட்டம் பாதைவாரிக் கணக்கை விட்டுவிட்டு மறுபடி மொத்தமாகக் கொடுக்கும் முறைக்குப் போய்விட்டது. எனக்கு அது பின்னடைவு.

மணியோசை எழுதியது:

இன்னொரு கேள்வி விட்டுப்போகிறது. ஒரு கம்பெனிக்கு மட்டும் அரசுப் பணம் வந்தால் பக்கத்தில் முளைக்கிறவன் என்ன ஆவான்? 1906இல் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்து தூத்துக்குடி–கொழும்பு வழியில் இறங்கினார். எதிரே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். அரசின் தபால் ஒப்பந்தங்களிலேயே வளர்ந்த நிறுவனம். கட்டணத்தை ஆளுக்கு ஒரு ரூபாய்க்கு இறக்கியது, பிறகு சும்மாவே ஏற்றிப்போகவும் துணிந்தது. பங்கு விற்றுக் கப்பல் வாங்கியவர் எத்தனை மாதம் தாங்குவார்? 1908இல் அவரைச் சிறையில் போட்டதைப் பேசுகிறோம். அதற்கு முன்பே இந்தக் கட்டணப் போர் கம்பெனியின் இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தது.

இதற்குச் சட்டத்தில் பதில் வர ஒரு நூற்றாண்டு ஆனது. 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு ஜெர்மன் பஸ் கம்பெனி வழக்கில், ஆல்ட்மார்க் வழக்கு என்பார்கள், நான்கு நிபந்தனை வைத்தது. கடமை என்ன என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தொகை கணக்கிடும் முறை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். செலவுக்கும் நியாயமான லாபத்துக்கும் மேல் போகக் கூடாது. டெண்டர் விட வேண்டும், இல்லையென்றால் திறமையாக நடக்கும் ஒரு நிறுவனத்தின் செலவோடு ஒப்பிட வேண்டும். இதில் எதுவும் 1906இல் இல்லை.

வரிகட்டுபவன் எழுதியது:

இந்த நான்கு நிபந்தனைக்கு நான் கையெழுத்துப் போடுவேன். முதல் பதிவில் மானியமே வேண்டாம் என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்: வெளிச்சத்தில் எழுதாத மானியம் வேண்டாம்.

இளவேனில் எழுதியது:

ஒரேயடியாக மூலதனம் ஒதுக்கி அதன் வட்டியில் ஓட்டச் சொன்னால்? ஜப்பானில் 1987இல் ரயில்வேயைப் பிரித்தபோது ஹொக்கைடோ, ஷிகோகு, கியூஷூ மூன்று தீவுக் கம்பெனிகளும் நட்டத்தில்தான் ஓடும் என்று தெரிந்தே, சுமார் 1.28 லட்சம் கோடி யென் நிதி ஒதுக்கினார்கள் என்று படித்தேன். வருடா வருடம் யாரிடமும் கையேந்த வேண்டாம் அல்லவா?

தண்டவாளன் எழுதியது:

அழகான யோசனைதான், அடி வாங்கியது வட்டியில். 7.3 சதவீத வருமானம் வரும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. பிறகு ஜப்பானில் வட்டி விகிதம் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். ஹொக்கைடோவில் பனி அதே பனி, பாதை அதே பாதை, நிதியின் வருமானம் மட்டும் இளைத்துவிட்டது. பராமரிப்பில் கை வைக்க வேண்டிய நிலை வந்தது. ஓடிய ஓட்டத்துக்கு மட்டும் கொடுத்தாலும் இந்த ஆபத்து உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வண்டி இன்று ஓடிவிடும், தண்டவாளத்தின் அடியில் கட்டை உளுத்துக்கொண்டிருக்கும். அதனால் என் முதல் பதிவையும் திருத்துகிறேன். ஓட்டத்துக்கு ஒரு தொகை, பாதையின் நிலைக்குத் தனியாக ஒரு தொகை, அதை அளந்து பார்க்க ஓட்டுகிறவனுக்குச் சம்பந்தமில்லாத ஆள்.

நங்கூரம் ஐயா, ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. அந்த 6.10 படகு என்ன ஆயிற்று?

நங்கூரம் எழுதியது:

ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு. நடுவில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். தீவுக்காரர்கள் மனு மேல் மனு போட்டார்கள். அடுத்த டெண்டர் எழுதும்போது கணக்குப் பிரிவிலிருந்து என்னையும் கூப்பிட்டார்கள். நான் கேட்டது இரண்டே மாற்றம். நோட்டில் நான்காவது கட்டம் ஒன்று, அக்கரையில் இறங்கிய தலை எண்ணிக்கை. அப்புறம், ரயிலில் வருகிறவர்களுக்காகக் கடைசிப் படகு இருபது நிமிடம் வரை நிற்கலாம், பிடித்தம் இல்லை. முதலாவதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதில் இருபதைப் பதினைந்தாக வெட்டினார்கள்.

பதினைந்து நிமிடம் போதுமாக இருந்தது. புது ஒப்பந்தம் தொடங்கிய வாரம் ஒரு மாலை துறைக்குப் போய் நின்றேன். 6.17க்குக் கடைசி ஆள் ஏறினார், 6.18க்குக் கயிறு அவிழ்த்தார்கள். நான்காவது கட்டத்தில் அன்று 31 என்று பதிந்திருந்தது.